பார்வையாளரின் உரிமை

இன்றைக்கு டி.வி.யை அணைக்க வைத்தே தீருவது என்று ஊடகவியல் விரிவுரையாளர் கல்லூரியிலிருந்து வரும் வழியிலேயே முடிவு கட்டிவிட்டார். வகுப்பு மேல் வகுப்பாக எடுத்துத் தொண்டை கட்டியிருந்தது. பையில் திருத்தாத விடைத்தாள்கள் கனத்தன. வீட்டிலோ அவர் மேசை கூடத்தில், டி.வி.க்குப் பக்கத்தில். சீரியலில் எவள் அழுதாலும் தலைவலி இவருக்குத்தான்.

கெஞ்சிப் பார்த்தாயிற்று. கோபித்தும் பார்த்தாயிற்று. பாக்கி இருந்தது பாடம் நடத்துவதுதான்.

"இங்க பாரும்மா. இந்த சீரியல் மாமியார் கெட்டவள்னு உனக்கு யார் சொன்னது?"

"அவ மூஞ்சியே சொல்லுதே!" என்றாள் மனைவி.

"மூஞ்சி சொல்லல. மியூசிக் சொல்லுது, கேமரா சொல்லுது. எடுக்கறவன் ஒரு அர்த்தத்தைத் திணிச்சு அனுப்பறான், நீ அப்படியே முழுங்கற."

"முழுங்காம என்ன பண்றதாம்?"

"சொல்றவன் என்ன நெனச்சாங்கறது முக்கியமே இல்ல. கேக்கறவங்க எப்படி எடுத்துக்கறாங்களோ அதுதான் அர்த்தம். அது பார்வையாளரோட உரிமை!"

அவள் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள். இத்தனை வருஷ சர்வீசில் ஒரு மாணவனுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் பாடம் ஏறியதில்லை. விரிவுரையாளர் உருகிப்போனார்.

விடைத்தாளை விரித்தார். பொழுது போகாத மனைவி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, எங்கம்மா தனியா கஷ்டப்படறாங்க."

"ம்."

"நம்மகூட வந்து இருக்கட்டுமே?"

"ம்."

"உங்க மேசைய பால்கனில போட்டுட்டா கட்டிலுக்கு எடம் கெடைச்சிடும்."

"ம்... என்னது?"

அதற்குள் அவள் காதில் போன் இருந்தது. "அம்மா, உங்க மாப்பிள்ளையே வரச் சொல்லிட்டார்!"

"நான் எங்கடி சொன்னேன்? இந்தப் பையன் எழுதியிருக்கற லட்சணத்தைப் பாத்து அலுத்துப்போய் 'ம்'னேன்!"

"நீங்க என்ன நெனச்சீங்கங்கறது முக்கியமில்லீங்க. நான் எப்படி எடுத்துக்கறேங்கறதுதான்."

மறுத்துப் பேச அவரிடம் இன்னும் நாலைந்து கோட்பாடுகள் இருந்தன. தெம்புதான் இல்லை. தவிர, ஒவ்வொன்றையும் இவள் எதற்கெல்லாம் எடுத்து வீசுவாளோ என்ற பயம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். மேசை பால்கனிக்குப் போயிற்று. சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் சோபாவில் சாய்ந்து சீரியலைப் போட்டார்கள். விரிவுரையாளர் பால்கனிக் கதவை இறுக்கிச் சாத்தி, பேனாவைத் திறந்தார்.

கதவு திறந்தது. மாமியார் ரிமோட்டை நீட்டினார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம் மாப்பிள்ளை, இதுல சத்தத்தைக் கூட்டித் தாங்களேன்."