உரைகல்லில் ஒரு மூளை

உரைகல்லில் நாலு இழுப்பு இழுத்த பிறகுதான் பரசுராமனுக்குப் பயம் பிடித்தது.

ஆரணியில் பட்டு வியாபாரம். தங்க நிறத்தில் எது கைக்கு வந்தாலும், அசலா போலியா என்று உரசிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் இப்போது உரசியது சரிகை இல்லை, கம்ப்யூட்டர் கார்டு.

மாப்பிள்ளை தருமனுக்கு வேலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தலைதீபாவளிக்கு மோதிரம் வேண்டாம், வீட்டுக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க வைத்தார். நேற்று இந்தக் கார்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். "மெஷினுக்கு இது இன்னொரு மூளை மாமா. நாங்க வரதுக்குள்ள உள்ள சொருகி வையுங்க. ஆபீஸ் சொத்து, பத்திரம்!"

கார்டின் ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பற்கள். மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா?

சொருகினார். திரை இருண்டது. கழற்றினார். திரை ஒளிர்ந்தது.

"போச்சு! மாப்ள வேலையே போயிடும்டீ!"

மனைவி அபிதகுசாம்பாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு உரசினீங்க? கல்லு அழுக்கு ஒட்டியிருக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணியில அலசுங்க."

பட்டுப் புடவையையே அலசுகிற தண்ணீர், கார்டை என்ன செய்துவிடும்? அலசினார், வெயிலில் உலர்த்தினார், சொருகினார். திரை இருண்டே கிடந்தது. ஓரமாகக் கொஞ்சம் நுரை மட்டும் வந்தது.

"ஜல்தி ஏதாச்சும் பண்ணுங்க. பஸ்ஸு இந்நேரம் கண்ணமங்கலம் தாண்டியிருக்கும்."

உரசியதில் தங்கம் தேய்ந்துவிட்டது, அதுதான் கோளாறு என்று முடிவு கட்டினார். தேய்ந்த தங்கத்தை ஈடு கட்ட ஆரணியிலா பஞ்சம்? அசல் சரிகை இழையை எடுத்துப் பற்களின் மேல் நெருக்கிச் சுற்றினார். சாமியைக் கும்பிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

'பட்' என்று ஒரு சத்தம். புகை. கார்டோடு கம்ப்யூட்டரும் சேர்ந்து அடங்கியது.

அதே நேரம் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மகள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்க, தருமன் மட்டும் உள்ளே வந்தார்.

"மாப்ள, மன்னிச்சிடுங்க!" பரசுராமன் உரைகல் முதல் சரிகை வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

தருமன் கார்டைப் புரட்டிப் பார்த்தார். நாற்காலியில் சரிந்தார். "ஆபீஸ் சொத்தாச்சே மாமா..."

"கலங்காதீங்க. நாளைக்கே மெட்ராஸ் போயி புதுக் கார்டு வாங்கியாறேன். கம்ப்யூட்டரும் புதுசு!"

"உங்க இஷ்டம் மாமா." மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலை தப்பியதே என்று பரசுராமனுக்கு உயிர் வந்தது.

பையோடு உள்ளே வந்த மகள் தெய்வநாயகி, காதில் விழுந்ததைக் கேட்டுப் பூரித்துப்போனாள்.

"எப்டிப்பா கண்டுபுடிச்ச? போன மாசம் இந்தக் கார்ட ஆபீசுல எரிச்சிட்டு, புதுசு எப்டி வாங்கித் தர்றதுன்னு இவரு முழிச்சிகினு இருந்தாரே!"