சூரியனுக்குச் சமத்துப் பொட்டலம்

காலையிலிருந்தே வானிலை அலுவலகத் திரையில் காந்தப்புலக் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிய நடுக்கம் இல்லை. ஆனாலும் லியாவ் ஷூ-ஃபென் சோயாப்பாலைத் தள்ளி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் சூரியன் வெடித்து ஒரு பெரிய மேகத்தைக் கக்கியிருந்தது. அது பூமி மேல் மோதாமல் ஓரமாகப் போய்விடும் என்று அறிக்கை கொடுத்தவள் அவள்தான். மோதினால் பூமியின் காந்தப்புலம் குலுங்கும். விமானங்களின் ரேடியோ கரகரக்கும், ஜிபிஎஸ் தடுமாறும். போன மாதம் அப்படி ஒரு காந்தப்புயல் வருகிறது என்று எச்சரித்தாள். வரவில்லை. விமானங்கள் ஊரைச் சுற்றிப் பறந்ததுதான் மிச்சம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, மழை அளக்குற பிரிவுக்குப் போயிடும்மா. அங்க பெய்ஞ்சா பெய்ஞ்சதுன்னு எழுதினாப் போதும்" என்று இயக்குநர் கோ சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்ததுதான் பயமாக இருந்தது.

யாங்மிங் மலைமேல் இருந்த மரக் குடிலுக்குப் போன் செய்தாள். காந்தப்புலத்தை அளக்கும் கருவி அங்கேதான் இருக்கிறது; பக்கத்தில் சின்ன இரும்பு இருந்தாலும் குழம்பிவிடும். காவலுக்கு ஷுய் அண்ணன்.

"அண்ணே, உங்க ஸ்கூட்டர் எங்க நிக்குது?"

"கீழ ரோட்லயே விட்டுட்டேன் மேடம். நடந்து வந்து முட்டி போச்சு."

"கருவி என்னவோ மாதிரி இருக்கு."

"இருக்காதா பின்ன? கதவுல வச்சிருந்த குவாய் குவாய் நேத்து காத்துல பறந்துபோச்சு."

ஷூ-ஃபென் நெற்றியில் கை வைத்தாள். குவாய் என்றால் சமத்து. அந்தப் பச்சைச் சோளப்பொரிப் பொட்டலம் பக்கத்தில் இருந்தால்தான் எந்த இயந்திரமும் சமத்தாக வேலை செய்யும். அவளுடைய கம்ப்யூட்டர் மேலேயே ஒன்று இருக்கிறது.

"உடனே புதுசு வச்சிடுங்க. பச்சைதான், சிக்னல் மாதிரி. மஞ்சள் வேண்டாம்."

"எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை எந்தக் காத்துக்கும் அசையாத மாதிரி வைக்கிறேன்."

ஒரு மணி நேரம் கழித்துக் கோடு ஒரு படி ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டது.

ஜப்பான்காரர்களின் கருவி காட்டும் கோடு எப்படி என்று பார்த்தாள். ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பிலிப்பைன்ஸும் அப்படியே. மறுபடி போன்.

"அண்ணே, பக்கத்துல இரும்பு ஏதாவது இருக்கா? மண்வெட்டி, சாவிக்கொத்து?"

"பெல்ட்டைக்கூடக் கழட்டி வெளிய வச்சிட்டேன் மேடம். ஒரு கையில போன், ஒரு கையில பேன்ட்."

"ஆணி?"

"ஒரு துரு பிடிச்ச ஆணிக்கு இயக்குநர் போட்ட சத்தம் இன்னும் காதுல கேக்குது. இங்க ஒரு குண்டூசி கிடையாது."

அப்போதுதான் இயக்குநர் கோ உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

"பொட்டலம் வச்சாச்சா?"

"வச்சாச்சு சார். அதுக்கப்புறம்தான் ஏறிச்சு."

"எத்தனை?"

"ஒண்ணு."

"இவ்வளவு பெரிய சூரியனுக்கு ஒண்ணு எப்படிம்மா பத்தும்? நாலு பக்கமும் வைக்கச் சொல்லு."

ஷுய் அண்ணன் வைத்தார். கோடு இரண்டாம் படி ஏறியது. மூன்றாம் படி. நான்காவதில் திரைக்கு வெளியே போய்விட்டது.

இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது. "புயல்தான். ஜப்பான்காரன் தூங்குறான், நாம கண்டுபிடிச்சிட்டோம்."

"சார், புயல்னா கோடு உதறும். இது மாடிப்படி மாதிரி ஏறி ஏறி உக்காருது. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே."

"அப்போ இது புது வகைப் புயல். இதுக்கு ஒரு பேர் வைக்கணும்."

"தப்பாப் போனா நான் மழைப் பிரிவுக்குப் போகணும் சார்."

"உனக்குப் பயமா இருந்தா நகரு. என் பேரைப் போட்டு நானே அனுப்புறேன். நாளைக்குப் பேப்பர்ல யார் பேர் வருதுன்னு பாரு."

அவள் நகர்ந்தாள். எச்சரிக்கை போனது. ஹாங்காங் போக வேண்டிய விமானம் ஒன்று ஓடுதளத்திலேயே நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. இயக்குநர் தலை வாரிக்கொண்டார். கருவியோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். வழி நெடுகப் புயலுக்குப் பெயர் யோசித்தார். எல்லாப் பெயரிலும் 'கோ' இருந்தது.

மலைமேல் காற்று ஆளைத் தள்ளியது. ஷுய் அண்ணன் ஒரு கையில் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வணக்கம் வைத்தார். குடிலின் நாலு சுவரிலும் நாலு பச்சைப் பொட்டலங்கள், அளந்து வைத்தாற்போல.

இயக்குநரின் முடி கலைந்தது. பொட்டலங்கள் அசையவில்லை.

"பலே. இந்தக் காத்துல எப்படிய்யா நிக்க வச்சே?"

ஷுய் அண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது.

"நீங்கதான் ஆணியே கூடாதுன்னுட்டீங்களே சார், அதான் ஒரு பொட்டலத்துக்கு ரெண்டுன்னு பலகைக்கு உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா, கடையில இருந்ததுலயே பெரிய காந்தமாப் பாத்து வாங்கிப் பிடிக்க வச்சிட்டேன்."