கழுத்துக்கு விழுந்த மிதி

முனிராஜின் கழுத்து திரும்பவில்லை. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் சைக்கிளோடு சேர்ந்துதான் அவன் திரும்ப வேண்டியிருந்தது.

குடலிறக்கத்துக்குப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்து, மறுபடி சைக்கிள் ஏறிய முதல் நாளே இந்தச் சனியன் பிடித்தது. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் வயிற்றை எக்கி, தோளைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாரமெல்லாம் கழுத்தில் இறங்கியது.

கழுத்து வலி வந்தவன் வீட்டில் கிடக்கலாம். முனிராஜுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலையில், ஆபீசுக்கும் கல் உடைக்கிற இடத்துக்கும் நடுவே சைக்கிளில் சேதி கொண்டு போகிறவன் அவன். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆனேக்கல் பக்கமிருந்து திம்மராயன் என்று ஒருத்தன் பதிலாளாக வந்து சேர்ந்திருந்தான்.

"திங்கக்கிழமை என் எதிர்ல ஒரு சுத்து ஓட்டிக் காட்டு," என்றார் ஓவர்சியர் கோவிந்தப்பன். "ஓட்டிட்டா வேலை உன்னுது. இல்லன்னா திம்மராயனுது. நீ மண்கூடை தூக்கப் போ."

மண்கூடை தூக்கினால் தையல் தாங்காது. அது ஓவர்சியருக்கும் தெரியும்.

முனிராஜ் சைக்கிள் கடைக் கரியப்பனிடம் போனான்.

"குனிஞ்சு ஓட்டறதால வர்ற வலிண்ணா. ஹேண்டிலைத் தூக்கிட்டா சரியாப் பூடும்."

தூக்கினான். முனிராஜ் கொடிமரத்தைக் கட்டிப் பிடித்தவன் மாதிரி ஓட்டிப் பார்த்தான். வலி தோளுக்கும் பரவியது.

"அப்ப சீட்டை இறக்கறன்."

இறக்கினான். முழங்கால் வந்து தையலை இடித்தது. முனிராஜ் பயந்து வயிற்றை இன்னும் எக்கினான். கழுத்து இன்னும் இறுகியது.

"ஏம்பா, நீ ரிப்பேர் பண்றது சைக்கிளையா, என்னையா?"

"சைக்கிள்ல ஒரு கோளாறும் இல்லண்ணா," என்றான் கரியப்பன்.

வீட்டில் சரசம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டிப் புருஷன் கழுத்தில் ஒத்தடம் கொடுத்தாள். முடிச்சு அவிழ்ந்து சூடான உப்பு அத்தனையும் முதுகில் கொட்டியது. துள்ளிய துள்ளலில் 'மடக்' என்று ஒரு சத்தம். தலை வலது தோளில் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது.

"சுளுக்கிக்கிச்சு," என்றாள் சரசம்மா, தன் பங்கு அதில் ஒன்றுமே இல்லாதவள் போல. "காலால பொறந்தவங்க மிதிச்சாத்தான் இது விடும். குந்தாரப்பள்ளி சந்தைக்குப் பின்னால ஒரு அம்மா இருக்காங்களாம். தலைக்கு முந்திக் கால் வந்து பொறந்தவங்க. போய் மிதி வாங்கிக்கினு வாங்க."

போனான். வாசலில் ஒரு பெண் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காலால பொறந்தவங்க வீடு இதானுங்களா?"

"இதேதான். உங்களுக்கு இன்னா ஆச்சு?"

முனிராஜ் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிறவன். ஆஸ்பத்திரி, தையல், அணைக்கட்டு, ஓவர்சியர், திங்கட்கிழமை என்று எல்லாவற்றையும் கொட்டினான். "நேத்து வந்த பய திம்மராயன், என் வேலையில குந்தப் பாக்கறாம்மா. மூஞ்சியைப் பாத்தாலே திருட்டுக் களை."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"குப்புறப் படுங்க."

விழுந்த மிதியில் முனிராஜுக்குத் தன் குலதெய்வத்தின் பெயர் மறந்துபோனது.

"இம்மாம் பலமாவாம்மா மிதிப்பாங்க?"

"புடிச்சிருக்கறது பலமா இருக்குதே."

எழுந்தபோது தலை இடது தோளில் இருந்தது.

"பாத்தீங்களா, அசைஞ்சு குடுத்திருச்சு. நாளைக்கும் வாங்க."

மறுநாள் மோவாய் நெஞ்சில் போய் ஒட்டியது. அதற்கும் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு காலாலும் ஏறி மிதித்தாள். தலை விருட்டென்று மேலே எழும்பியது.

"இப்ப நேராயிடுச்சு," என்றாள்.

நேராகத்தான் இருந்தது. வானத்துக்கு நேராக.

திங்கட்கிழமை ஓவர்சியர் எதிரில் முனிராஜ் சைக்கிள் ஏறினான். வழி தெரியவில்லை, ஒரு பருந்து மட்டும் தெரிந்தது. அதை அடையாளம் வைத்து மிதித்தான். பருந்து வளைந்தது. அவனும் வளைந்தான். சுண்ணாம்புச் சாந்து குழைத்து வைத்திருந்த குழிக்குள் சைக்கிளோடு இறங்கினான்.

"யாருக்குடா சேதி கொண்டு போற, மழைக்கா?" என்றார் கோவிந்தப்பன்.

கை கொடுத்துத் தூக்கிவிட்டவன் திம்மராயன்தான். சைக்கிளைக் கழுவித் துடைத்து அவனே எடுத்துக்கொண்டு போனான்.

வேலை போனாலும் கழுத்துப் பிடிப்பு போகவில்லையே. அடுத்த நாள் முனிராஜ் மறுபடி குந்தாரப்பள்ளிக்கு நடந்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை, கூரை ஓடுதான் தெரிந்தது.

"அம்மா, இன்னொரு மிதி மிதிச்சு விடுங்க. மூணு மிதிக்கும் அடங்கல."

"நான் எப்பப்பா உன்னை மிதிச்சன்?" என்றது வயதான ஒரு குரல். "காலால பொறந்தவ நான்தான், ஆனா ஒரு வாரமா நாகரசம்பட்டியில மக வீட்டுல இருந்துட்டு இப்பத்தான் வந்தன். இங்க குடியிருக்கற பொண்ணு, அவ புருஷன் திம்மராயனுக்கு அணைக்கட்டுல சைக்கிள் வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு சக்கரைப் பொங்கல் வச்சுக் குடுத்திருக்குது. அண்ணாந்துதானே இருக்கற, வாயைத் தொற, உனக்கும் ஒரு உருண்டை போடறன்."