கோலப்பன் முழங்கால் படலம்

பஞ்சுச் சுருளே கவசமாக, கத்தரிக்கோலே உடைவாளாக, டிஞ்சர் குப்பியே எய்தால் தப்பாத அஸ்திரமாக, சிவப்புச் சிலுவை தீட்டிய பிஸ்கட் தகரத்தைக் கக்கத்தில் தாங்கி நிற்கும் மாவீரன், காயம் கண்டால் கலங்காதவன், ஆனால் இன்றுவரை திறந்த காயமொன்றும் கைக்குச் சிக்காதவன், வலியசாலை நெல்லையப்பன் வாழ்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு ஆவணியில், திருவனந்தபுரத்துத் தெருவொன்றில், ஒரு ஞாயிறு பகல் மூன்று மணிக்கு அவன் புரிந்த போரைக் கேளுங்கள்.

நெல்லையப்பன் அரசாங்க ஆபீசில் தபால் பதியும் குமாஸ்தா. பதினெட்டு ஆண்டுகளாகப் பிறர் பெயரையே எழுதி எழுதித் தேய்ந்த அந்தக் கைக்கு ஒரு விமோசனம் வாய்த்திருந்தது. முதலுதவிச் சான்றிதழ் வாங்கி வருகிறவனின் பெயரை ஆபீஸ் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் எழுதுவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். மூன்று மாதம் வகுப்புக்குப் போனான். பரீட்சை எழுதினான். எஞ்சியது ஒன்றே: கன்றிய காயம் இரண்டு, தோல் கிழிந்த திறந்த காயம் ஒன்று, இவற்றுக்குச் சிகிச்சை செய்து, காயம்பட்டவர் கையெழுத்தோடு நோட்டை ஒப்படைக்க வேண்டும். கெடு அன்று மாலை ஐந்து மணி.

கன்றிய காயங்கள் எளிதில் கிடைத்தன. படியில் உருண்டவர் ஒருவர், தேங்காய் தோளில் விழுந்தவர் ஒருவர். திறந்த காயமோ வானத்து மீனாய் எட்டாமல் இருந்தது. அரிவாள்மணையில் விரல் அறுபடாத நாள் அத்தெருவில் இல்லை. ஆயினும் நம் வீரன் தகரப்பெட்டியைத் திறக்குமுன்பே, அவன் இல்லாள் உலகம்மை, புயலினும் விரைந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் காபிப்பொடியை அள்ளி அப்பிவிடுவாள். காபிப்பொடி விழுந்த காயம் வகுப்பு விதிப்படி கணக்கில் சேராது.

இந்நிலையில்தான் தெருவில் ஒரு சைக்கிள் சரிந்தது.

வீழ்ந்தவன் அடுத்த வீட்டுக் கோலப்பன், சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடை நடத்துபவன், பருத்தவன், பஞ்சகச்சத்தை முழங்காலுக்குமேல் ஏற்றிச் செருகியவன். அவன் வீழ்ச்சி, வேரறுந்த ஆலமரம் சாய்ந்தது போன்றிருந்தது. அவனது வலது முழங்காலோ, அந்தோ, செக்கச் செவேலென்று, செம்பருத்திப் பூவைப் பிழிந்தாற்போல் சொட்டிக்கொண்டிருந்தது!

சன்னலில் அதைக் கண்ட நெல்லையப்பனின் நெஞ்சு, இரக்கமும் களிப்பும் இரு யானைகளாய் மோத, முரசென அதிர்ந்தது. களிப்பு யானையே வென்றது. அவன் பாய்ந்தான். அடுக்களைப் பக்கமிருந்து காபிப்பொடி டப்பாவோடு உலகம்மையும் பாய்ந்தாள். வாசற்படியில் இரு பெரும் படைகளும் தோளோடு தோள் இடித்தன.

“விலகு! இது திறந்த காயம்! என் ஆட்சிக்கு உட்பட்டது!” என்று முழங்கினான் வீரன்.

“இஞ்சேருங்கோ, அவரு கெடந்து துடிக்காரு, நீங்க நோட்டை எடுத்துக்கிட்டு ஓடுதீங்களே. நல்லாவா இருக்கு?” என்றாள் உலகம்மை.

ஓரடி முந்திக் களத்தை எட்டியவன் நெல்லையப்பனே. “அண்ணாச்சி, அசையாதேயும்! ரத்தம் ரொம்பப் போயிருக்கு.”

“ரத்தமா? எங்கவே?” கோலப்பன் தன் காலை எட்டிப் பார்த்து, முகம் வெளிறி, மறுபடி சாய்ந்தான்.

முதல் விதி: காயத்தைச் சுத்தமான நீரால் கழுவு. ஆறவைத்த வெந்நீரைக் கங்கையெனப் பொழிந்தான் நம் வீரன். செந்நிறம் ஓடியது. ஓடி ஓடி, முற்றும் ஓடிப்போய்விட்டது. அடியில், கீறலற்ற தோலோடு, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிய முழங்கால் ஒன்று அவனைப் பார்த்துப் பல்லிளித்தது.

கோலப்பன் தரையைத் தொட்டு விரலை முகர்ந்தான். “மஞ்சளும் சுண்ணாம்பும்லா மணக்கு! வே, இது எதுத்தாப்ல சற்குணம் வீட்டு ஆரத்தித் தண்ணி. புது மருமகன் வந்திருக்கான், சுத்திட்டு நடுத்தெருவுல கொட்டியிருக்காவ. அதுலதான் சைக்கிள் வழுக்கிட்டு.”

கண்ணாடியை மாட்டினான் நெல்லையப்பன். எறும்பு கடித்த அளவுக்காவது தோல் கிழிந்திராதா என்று அந்த முழங்கால் மலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். இல்லை. கன்றல், வீக்கம், தொட்டால் வலி, அவ்வளவே. மணி நாலடித்தது. சுவரில் எழுதப்படவிருந்த வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாய் உதிர்வது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

வீரனின் முகவாட்டம் கண்டு வீழ்ந்தவன் இரங்கினான். “சாரமில்லவே, போட்டும். தெறந்த காயம்னே எழுதும். நான் ஒப்புப் போட்டுத் தாறேன். தமிழ்லயா, மலையாளத்துலயா?”

பேனா நோட்டின்மேல் நின்றது. அந்தோ, அக்கணத்தில் அவன் உள்ளத்தில் மூண்ட போருக்கு எந்தக் களம் ஈடாகும்! ஒருபுறம் பதினெட்டு ஆண்டின் ஏக்கம் நால்வகைப் படையோடு திரண்டு வர, எதிர்ப்புறம் அந்த நீல முழங்கால் தன்னந்தனியே, வீங்கியபடி, நின்றது. தபாலில் ஒரு தேதியைக்கூட மாற்றிப் பதியாத கை மெல்ல இறங்கியது. “கன்றிய காயம். தோல் கிழியவில்லை. குளிர்ந்த ஈரத்துணி போட்டேன். காலை உயர்த்தி வைக்கச் சொன்னேன்” என்று எழுதியது. கோலப்பன் இரண்டு மொழியிலும் கையொப்பமிட்டான்.

உலகம்மை முழங்காலில் கிடந்த துணியை எடுத்து மறுபடி நனைத்துப் பிழிந்து கொடுத்தாள்.

நெல்லையப்பன் ஐந்து மணிக்கு நோட்டைக் கொடுத்தான், அடுத்த வகுப்புக்குப் பெயரைப் பதிந்துகொண்டான், பஸ் வராததால் வீட்டுக்கு நடந்து வந்தான்.