கும்பிலியின் கொம்பும் என் தலையும்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அம்மையாருக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், என் தலை நீங்கலாக. கும்பிலி என்ற கற்பனைப் பிராணிகளை வைத்துத் தங்களுக்குச் சிறுவர் படக்கதை வரைகிறாரே ஓவியர், அவருடைய கணவன் எழுதுவது. நான் ஓய்வுபெற்ற மின்மீட்டர் பரிசோதகன். புகார் வாங்கித்தான் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை.

கும்பிலிக் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகக் கொம்பு இருக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் அம்மா, கொம்பு எப்படி நிற்கும், நிழல் எங்கே விழும் என்று பார்க்க ஒரு தலை வேண்டியிருக்கிறது. வீட்டில் சும்மா இருக்கிற தலை என்னுடையதுதான். முதலில் என் மனைவி அட்டையில் நேர்க்கொம்பு செய்து கட்டினாள். "பிள்ளைங்க பயந்துடும்"னு எழுதினீங்க. பின்பக்கமா வளைச்சா, "ஆடு மாதிரி இருக்கு"ன்னீங்க. சைக்கிள் டியூபைச் சுருட்டி வச்சா, கொசுவத்தியான்னு கேட்டீங்க. அப்புறம் கம்பியும் அட்டையுமா கிளைக்கொம்பு. அதுல ஈரத்துண்டைக் காயப்போட்டுட்டு, "ஞாபகமில்லாம செஞ்சுட்டேங்க"ங்கிறா. நான் நம்பலை. இது அவளோட முதல் புத்தகம். இன்னொரு தடவை படம் திரும்பி வந்தா வரையறதையே விட்டுடுவேன்னு வேற சொல்றா.

இதாவது வீட்டுக்குள்ள. போன ஞாயிற்றுக்கிழமை எங்க குடியிருப்புச் சங்கக் கூட்டம். நான்தான் செயலாளர். மூணாம் மாடிக்காரர் ஒருத்தர், நான் வாயைத் திறந்தாலே, "செயலாளர்னா என்ன கொம்பா முளைச்சிருக்கு?"ன்னு எகிறுவார். அன்னிக்கு லிப்ட் ரிப்பேர் பத்தி எழுந்து பேசினேன், ஒருத்தர் மூச்சு விடலை. அந்த மனுஷன், "செயலாளர்னா என்ன..."ன்னு ஆரம்பிச்சவர், என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டார். தீர்மானம் ஏகமனதா நிறைவேறிடுச்சு. அடடே, நமக்கும் பேச்சு வருதேன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வீட்டுக்கு வந்தா, வாசல் நிலையில டொப்புன்னு இடிச்சுது. தொட்டுப் பார்த்தா, பசை காயட்டும்னு அவ கட்டிவிட்ட கிளைக்கொம்பு! கதவைத் திறந்தவ சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. "ஐயோ, இப்படியேவா போனீங்க? இருங்க, அசையாதீங்க. இடிச்ச இடத்துல லேசா வளைஞ்சிருக்கு பாருங்க, அதான் அழகு"ன்னு பென்சிலை எடுத்துட்டா.

உண்மையைச் சொல்லிடறேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எங்க வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம்னே அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. இப்ப நாங்க போடற சத்தத்துல கீழ்வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்தறாங்க. எனக்குச் சந்தோஷம்தான், இல்லைங்கலை. இருந்தாலும் கழுத்து வலி பொறுக்கலை. ஆகையால், நேற்று அவள் திருத்தி அனுப்பிய கொம்புகளையும் வளைந்த கிளைக்கொம்பையும் தயைகூர்ந்து ஏற்றுக்கொண்டு, என் தலையை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிப்பகம் செழிக்கவும் கும்பிலிக் குலம் தழைக்கவும் வாழ்த்தும்,
ஓவியரின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் தங்கள் போன் வந்தது. கொம்பு எல்லாமே பிடித்துவிட்டதாமே, கோடி நன்றி! அவ அழுதே அழுதுட்டா. அப்புறம் என் தலையில இருந்த கட்டை அவிழ்த்து, அட்டை, கம்பி எல்லாத்தையும் பரண்மேல ஏத்திட்டா. மத்தியானத்திலிருந்து வீடே கப்சிப். அம்மா, ஒரு சின்ன சந்தேகம். கும்பிலிக்கு வால் எப்படி இருக்கணும்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே? அவ எதை அனுப்பினாலும் உடனே சரின்னு சொல்லிடாதீங்க. மனசு நோகாம, ஒரு ரெண்டு மூணு தடவை திருப்பி அனுப்புங்க.