கீறலின் மறுபதிப்பு

வாடகைக் காரின் இடது பக்கக் கதவில் ஒரு கீறல் இருந்தது. கைப்பிடிக்குக் கீழே ஆரம்பித்து, பின் சக்கரம் வரை நிதானமாகப் போய், அங்கே ஒரு சின்ன வளைவோடு முடிந்திருந்தது. யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி.

பூதக்கண்ணாடியார் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கீறல் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

'பூதக்கண்ணாடியார்' என்பது அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். மருந்துப் பெட்டிக்குள் பல மடிப்பாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து இருக்குமே, அதைப் படித்துப் பிழை திருத்துவது அவர் வேலை. உலகத்தில் அந்தக் காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கிறவர் தான் ஒருவர்தான் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அந்தப் பெருமைதான் இப்போது அவரை மாட்டிவிட்டிருந்தது.

வண்டி எடுத்த இடத்தில், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டிருந்தாள். "சார், வண்டிக்கு ஏதாவது சேதமாச்சுன்னா எங்க காப்பீடு இருக்கு. போட்டுக்கறீங்களா?"

"தேவையில்லைம்மா. என் கிரெடிட் கார்டுலயே பயணக் காப்பீடு இருக்கு."

"பயணக் காப்பீடுன்னா பெட்டி தொலைஞ்சா, விமானம் தாமதமானா, இந்த மாதிரிக்குத்தான் சார் வரும். வாடகை வண்டிச் சேதம் எல்லாக் கார்டுலயும் வராது."

"என் கார்டுல வரும். நான் படிச்சிருக்கேன். பொடி எழுத்து உட்பட."

"சரி சார். அம்மாவும் ஓட்டுவாங்களா? பேர் சேர்த்துடட்டுமா?"

"வேணாம். அவ நிம்மதியா உக்காந்து வரட்டும்."

அவர் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். தினமும் பொழுது விடியும்முன் குளத்துக்குத் தானே வண்டியோட்டிப் போகிறவள். அவர் லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பிருந்தே ஓட்டுகிறாள். ஆனால் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தால், "இடது, இடது, ஐயோ பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார். அதனால் அவளும் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லாமல் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது, மறுநாள் காலையில், விடுதியின் அடித்தள வண்டி நிறுத்தத்தில், மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட தூணுக்குப் பக்கத்தில், அவர் கீறலைத் தடவிக்கொண்டு நின்றார். மனைவி கைப்பையோடு வந்து சேர்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் வண்டிய நிறுத்தறப்போ கிரீச்சுனு ஒரு சத்தம் கேட்டுதே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"டயர்னு சொன்னீங்க."

"டயர் இல்ல போல."

அவள் கீறலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள்.

"நீங்க உரசினதா?"

"வேற யாரு? நான்தானே ஓட்டினேன்."

அவர் தலையைக் குனிந்து காத்திருந்தார். கல்யாணமான புதிதில் அவர் தொலைத்த குடையைப் பற்றி இன்றைக்கும் மழைக்கு மழை பேசுகிறவள் அவள். இதற்கு எத்தனை வருஷம் பேசுவாளோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"பரவாயில்ல, விடுங்க" என்றாள் மனைவி. "ஓட்டறவங்களுக்குத்தானே இதெல்லாம் நடக்கும். வேணும்னேவா செஞ்சீங்க?"

இவ்வளவு நல்லவளைத்தான் இத்தனை காலமாக 'இடது, இடது' என்று நச்சரித்தோமா என்று நினைத்துக்கொண்டார்.

"இரு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி திருத்திட்டா அது பிழையே இல்ல" என்று சொல்லிவிட்டு அறைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது கையில் பற்பசை இருந்தது. பற்பசையால் கீறலைத் தேய்த்தால் மறைந்துவிடும் என்று அச்சகத்தில் பைண்டர் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்திருந்தது. கைக்குட்டையில் பற்பசையைப் பிதுக்கி, வட்ட வட்டமாக, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தார். பைண்டர் சொன்னது எந்தப் பற்பசை என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இவருடையதில் ஏதோ நறநறவென்று இருந்தது. கீறல் அப்படியே இருக்க, அதைச் சுற்றி ஒரு தட்டு அளவுக்குப் பளபளப்புப் போய், கதவு மங்கிவிட்டது.

"கதவுக்குப் பல் விளக்கி விட்ட மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. திட்டுகிற குரலில் இல்லை. அதுவும் அவரை உருக்கியது.

அடுத்து வண்டிச் சாமான் கடை. கடைக்காரர் நகப்பூச்சுச் சீசா மாதிரி வரிசையாகச் சின்னச் சின்னச் சீசாக்களை எடுத்து வைத்தார்.

"உங்க வண்டி என்ன வெள்ளை?"

"வெள்ளை வெள்ளைதான்."

"இதுல பால் வெள்ளை இருக்கு, முத்து வெள்ளை இருக்கு, பனி வெள்ளை இருக்கு. வண்டிய எடுத்துட்டு வந்திருக்கலாமே."

அவர் கண்ணை மூடிக் கதவை நினைத்துப் பார்த்தார். எழுத்துகளில் ஒரு புள்ளி குறைந்தால் கண்டுபிடிக்கிற கண் அது. "பால்" என்றார்.

அடித்தளத்துக்கு வந்து பூசினார். காய்ந்ததும்தான் தெரிந்தது, வண்டி முத்து வெள்ளை. கீறலாவது கிட்டே வந்தால்தான் கண்ணில் படும். இப்போது லிப்டிலிருந்து இறங்குகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏங்க, உங்க கார்டுலதான் எல்லாம் வரும்னீங்களே. ஒரு போன் போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

அது அவருக்கு முதலிலேயே தோன்றியிருந்தது. ஆனால் படித்துவிட்டேன் என்று ஊருக்கே சொன்ன பிறகு, அதில் அப்படி இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தள்ளிப்போட்டிருந்தார். அறைக்குப் போய், கட்டிலில் உட்கார்ந்து, போனை மனைவிக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு பேசினார்.

காப்பீட்டுப் பிரிவில் பேசிய பெண்ணுக்குக் குரல் தேன் மாதிரி இருந்தது. "உங்க கார்டுல வாடகை வண்டிச் சேதமும் சேருது சார்."

அவர் மனைவியைப் பார்த்த பார்வையில், அவருக்கு யாராவது மாலை போட்டிருக்கலாம்.

"வாடகை முழுசும் இந்தக் கார்டுலயே கட்டினீங்களா?"

"கட்டினேன்."

"வண்டி கொடுத்த இடத்துல அவங்க காப்பீட்டை வேணாம்னு சொன்னீங்களா? ரெண்டும் எடுத்திருந்தா நாங்க தர முடியாது."

"அவங்க கெஞ்சினாங்க. நான் வேணாம்னுட்டேன்."

"ஒப்பந்தத்துல பேர் இருக்கறவங்கதான் ஓட்டியிருக்கணும். சேதமானப்போ யார் ஓட்டினாங்க?"

"நான்தாம்மா. என்னைத் தவிர அந்த ஸ்டியரிங்கை இன்னொருத்தர் தொட்டதில்ல."

மனைவி எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாவம், காலையிலிருந்து அவளுக்கும் பதற்றம்தானே, முகம் கழுவிக்கொள்ளட்டும் என்று நினைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். சேதத்தைப் படம் எடுத்து அனுப்புங்க. எப்படி ஆச்சோ அப்படியே இருக்கணும். நீங்களா பூசியோ தேய்ச்சோ சரி பண்ண முயற்சி பண்ணியிருந்தா, காப்பீடு செல்லாது."

அவர் விரலில் காய்ந்திருந்த பால் வெள்ளையைப் பார்த்தார்.

"கடைசிப் பக்கத்துல கீழ இருக்கு சார், பொடி எழுத்துல. படிச்சிருப்பீங்க."

படித்திருந்தார். அந்த வரி எழுத்தெழுத்தாக நினைவில் இருந்தது. 'பழுது பார்க்கபட்ட' என்று ஒற்று விட்டுப்போயிருந்தது. அதைப் பென்சிலால் திருத்திவிட்டு, எவ்வளவு அலட்சியம் என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டது வரை ஞாபகம் வந்தது. அந்த வரி என்ன சொல்கிறது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

"அனுப்பறேம்மா" என்று மெதுவாகச் சொல்லிப் போனை வைத்தார்.

அதற்குப் பிறகு மனைவியின் நகப்பூச்சு நீக்கியை எடுத்துக்கொண்டு கீழே போனார். பால் வெள்ளை போய்விட்டது. கூடவே முத்து வெள்ளையும் திட்டுத்திட்டாகப் போனது. கீறல் எங்கே இருந்தது என்றுகூடத் தெரியாமல், கதவு வரைபடம் மாதிரி ஆகிவிட்டது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ளதை உள்ளபடி சொல்லி, ஆகறதைக் கட்டிடலாம்ங்க" என்றாள்.

"எப்படிச் சொல்றது? காப்பீடு வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட அவ்வளவு பேசியாச்சு. சிரிப்பா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறா. என்னங்க, நான் ஒண்ணு…"

"நீ ஒண்ணும் சொல்லாத. நீ இவ்வளவு பெருந்தன்மையா இருக்கறப்போ எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு. தப்பு என்னுது. நானே சரி பண்றேன்." அவர் எழுந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. "கீறல்தானே காணோம்? அதே கீறலைத் திரும்பப் போட்டுட்டா?"

"என்னது?"

"அதே தூண், அதே கதவு, அதே ஆள். நான் புதுசா ஒண்ணும் பண்ணல. இது மறுபதிப்பு."

மனைவி தூணைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அது தப்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

"நடக்காததை நடந்ததுன்னு சொன்னாத்தான் தப்பு" என்றார் அவர்.

மத்தியானம். அடித்தளத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. சரிவின் மேலே காவலாளி மட்டும் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பூதக்கண்ணாடியார் வண்டியை வெளியே எடுத்து, மறுபடி தூணை நோக்கிக் கொண்டுவந்தார். மனைவி முன்னால் நின்று கையை ஆட்டினாள்.

"வாங்க. இன்னும் வாங்க. போதும்."

"பட்டுதா?"

"படல."

பின்னால் எடுத்தார். இரண்டாம் தடவை தூணில் ஒட்டியிருந்த தூசு மட்டும் கதவுக்கு வந்தது. வாழ்க்கை முழுவதும் எதிலும் இடிக்காமல் ஓட்டிப் பழகிய கால், இடி என்றால் இடிக்கவில்லை. பிரேக்கிலேயே போய் உட்கார்ந்தது.

"கொஞ்சம் தைரியமா வாங்களேன்" என்றாள் மனைவி, தன்னை மறந்து.

அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.

சத்தம் அடித்தளம் முழுக்க உருண்டது. கண்ணைத் திறந்தபோது பக்கக் கண்ணாடி தரையில் கிடந்தது. கதவு, யாரோ தலை வைத்துத் தூங்கிய தலையணை மாதிரி உள்ளே குழிந்திருந்தது. கைப்பிடி ஒரே ஒரு திருகாணியில் தொங்கி ஆடியது. தூணிலிருந்து மஞ்சள் பூச்சுத் துண்டு ஒன்று நிதானமாகப் பெயர்ந்து, வண்டியின் கூரை மேல் விழுந்தது.

வலது பக்கமாக இறங்கி, வண்டியைச் சுற்றி வந்தார். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கீறல் விழுந்திருக்கு" என்றார் அவர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவரும் கலங்கிப்போனார்.

"அழாத. இனிமே வண்டிய நீயே ஓட்டு" என்றார். "பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன். இடிக்கிற ஆளுக்கு இடதுன்னு சொல்ல என்ன யோக்கியதை இருக்கு? நான் உனக்கு வாக்குக் கொடுக்கறேன்."

"வாக்குத் தவற மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"எது நடந்தாலும்?"

"எது நடந்தாலும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ சொல்லத் துணிந்தவள் மாதிரி மூச்சை இழுத்தாள். அதற்குள் சத்தம் கேட்ட காவலாளி சரிவில் செருப்புச் சத்தத்தோடு இறங்கி ஓடிவந்துவிட்டார். பூதக்கண்ணாடியார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஒண்ணுமில்லைங்க. நிறுத்தறப்போ லேசா உரசிடுச்சு. நான்தான் ஓட்டினேன்."

காவலாளி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குழிந்த கதவைப் பார்த்தார், உடைந்த தூணைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிந்துகொண்டு, மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, விடியக்காலைல நீங்க வண்டிய எடுத்தப்போ இடிச்சது லிப்டுக்குப் பக்கத்துல இருக்கற அந்தத் தூண்லதானே?"