மேசைப் பாடு

அந்தத் திங்கட்கிழமை காலையில், இட்லித் தட்டின் மேல் கை வைத்து ஒரு சபதம் எடுத்தேன். கதையை எழுதி முடிக்கும் வரை இந்த வீட்டில் ஒரு துரும்பைக் கூட அசைக்க மாட்டேன்!

"இதுக்கு முன்னாடி எந்தத் துரும்ப அசைச்சினு இருந்த?" என்றாள் என் மனைவி லோகநாயகி.

இட்லி ஆறிவிட்டது.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துக்கு இருக்கும் ஒரே எழுத்தாளன் நீலமேகமாகிய நான்தான். போன வருஷம் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் என் கதை வந்தது. அந்தப் பக்கத்தை லேமினேஷன் செய்து, முருகனுக்கும் அம்மனுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும் நடுவில் என்னையும் கும்பிட்டுவிட்டுத்தான் போக முடியும்.

இப்போது அதே பத்திரிகையின் ஆசிரியரே போன் செய்து, தீபாவளி மலருக்கு ஒரு நகைச்சுவைக் கதை கேட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விஷயம் குப்பம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது நான்தான். ஐஸ் லாரி டிரைவர் முதல் கோயில் பூசாரி வரை ஒருவரையும் விடவில்லை. இனி கதை வராவிட்டால் டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியாது. ஆசிரியரும் அடுத்த முறை என்னைத் தேட மாட்டார்.

கதை வந்ததா? பேனா வந்தது, பேப்பர் வந்தது, கொசு வந்தது.

கற்பனை பெருகட்டும் என்று ஏரிக்கரைக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்த்தேன். அவை ஒற்றைக் காலில் நின்றன. கதை எழுதியே தீருவது என்று நானும் ஒற்றைக் காலில் நின்றேன். திரும்பி வந்து லோகநாயகியிடம் இதைச் சொன்னேன்.

"அதுங்களாச்சும் நின்ன எடத்துல எதுனா பொறுக்கித் தின்னுது" என்றாள்.

அப்போதுதான் எனக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்தது. இவள் வாய்! இந்தச் சத்தத்தில் கம்பனே உட்கார்ந்தாலும் கம்பு விற்கத்தான் போயிருப்பான். போதாக்குறைக்கு வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை. ஜன்னலோரம், ஃபேனுக்கு நேர் கீழே. அதன் மேல் அவளுடைய தராசு, அவளுடைய கூடை, அவளுடைய போன். எழுத்தாளனுக்கு அதில் ஒரு முழங்கை வைக்க இடமில்லை.

மூளையைக் கசக்கினேன். ஒரு திட்டம் சொட்டியது.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. இறால் நன்றாக விழுகிற இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் வலை கிழிவதற்கு முன் சட்டை கிழியும். அதனால் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. விடியும்போது இடத்தில் இல்லாதவன் அன்றைய பாட்டை இழந்துவிடுவான், அடுத்தவன் இறங்கிக்கொள்ளலாம்.

இதையே மேசைக்குக் கொண்டு வந்தால்? ஒரு நாள் எனக்கு, மறுநாள் அவளுக்கு. கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் லோகநாயகி தினமும் விடிவதற்கு முன்பே மீன் கூடையோடு பொன்னேரி சந்தைக்கு பஸ் ஏறிவிடுவாள். அவளுடைய நாளில் விடியும்போது நாற்காலி காலியாக இருக்கும். அப்புறம் இறங்குவது யார்? அடியேன். ஆக எல்லா நாளும் என் பாடு!

இதோடு நிறுத்தியிருக்கலாம். பேராசை விடவில்லை. ஏரியில் இல்லாத ஒரு விதியை நானே சேர்த்தேன். பாடு உள்ளவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம். மற்றவர், வலைக்காரனுக்குக் கரையில் நின்று எடுபிடி வேலை செய்யும் கரை ஆள் மாதிரி, சமையல், தண்ணீர், துணி எல்லாம் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லோகநாயகி சண்டை போடவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"சரிதான். ஆனா நீ மாத்திப் பேசற ஆளு. தலைவர் மாமா முன்னால சொல்லு" என்றாள்.

ஏரியில் பாடுத் தகராறுகளைத் தீர்த்து வைக்கிற தலைவர் தருமலிங்கம் அடுத்த வீடுதான். விதிகள் முழுவதையும் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேசைக்கா பாடு?"

"ஆமா தலைவரே."

"எனக்கு வயசாயிடுச்சா, ஒனக்கு முத்திடுச்சா?"

"ஒரு சந்தேகம் மாமா" என்றாள் லோகநாயகி. "பாடு நாள்ல வுழற சரக்கு யாருக்கு?"

"பாடு யாருதோ அவங்களுக்கு. இதுல இன்னா சந்தேகம்?"

"கரை ஆளுக்கு?"

"கொழம்புக்கு ரெண்டு மீனு."

"போதும் மாமா."

நான் வேறு உற்சாகமாகத் தலையாட்டினேன். மீன் வாடையிலேயே வளர்ந்த மூக்குக்குச் சூழ்ச்சி வாடை எப்படித் தெரியும்?

செவ்வாய் என் பாடு. மேசை துடைத்து வைத்திருந்தது. லோகநாயகி சந்தையிலிருந்து வந்தாள். வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது, பேச்சு வரவில்லை. சோறு வந்தது, பேச்சு வரவில்லை. குக்கர் விசில் அடிக்கும் என்று அன்றைக்குப் பானையில் வடித்தாள் அந்தப் புண்ணியவதி. அப்படி ஓர் அமைதி. இழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பாக இருக்கும்.

மாலைக்குள் 'கதை' என்று தலைப்பு எழுதியிருந்தேன். கீழே ஓர் இறால் வரைந்து அதற்கு மீசை வைத்திருந்தேன். இறாலுக்குப் பிறக்கும்போதே மீசை உண்டு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை விடியலில் 'இன்றைக்கும் நம் பாடுதான்' என்று பேனாவோடு வந்தேன். நாற்காலியில் லோகநாயகி! தலை சீவி, பூ வைத்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ மார்க்கெட்டுக்குப் போகல?"

"கூடைய காசியம்மா அக்காகிட்ட குடுத்து அனுப்பிட்டேன். இன்னிக்கு என் பாடு. பேனாவ வெச்சிட்டுக் கொடத்த தூக்கு."

தூக்கினேன். குழாயடியில் ஊரே வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்தால் ஒரு தட்டு நிறைய மடவை மீன், பக்கத்தில் கத்தி.

"இன்னாய்யா அது? செதிலத் தேய்னா மீனுக்கு மசாஜ் பண்ணினு இருக்க? அது செத்துப் போச்சு, வலி தெரியாது. அழுத்தித் தேய்!"

"சத்தம் போடக் கூடாதுன்னு விதி!"

"அது கரை ஆளுக்கு. பாடுக்காரி வாயக் கட்டறதுக்கு விதி எங்க கீது? தலைவர கூப்பிடவா?"

விதி போடும்போது அதை எப்படி விட்டேன்?

"கொழம்புல உப்பு போட்டியா? எத்தினி? அய்யய்யோ, ஏரியத் தெறந்து வுட்டுட்டான்! ஒன்ன கட்டினதுக்கு ஒரு கட்டுமரத்த கட்டியிருந்தா அக்கரைக்காச்சும் போயிருப்பேன். பொங்குது பாரு, பாரு! கதை பொங்க வெக்கிறேன்னான், கொழம்ப பொங்க வெச்சிட்டான்!"

கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். வந்துவிட்டது! ஆரம்பம், நடு, முடிவு, எல்லாம் வரிசையாக! போன வருஷக் கதையும் இப்படித்தான் வந்தது என்று உறைத்தது. அவள் போனை நான் ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிய அன்றைக்கு அவள் திட்டியதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தேன். இப்போது ஊற்றுக்கண்ணுக்கு நானே ஊரைக் கூட்டி மூடி போட்டிருக்கிறேன். என்னை எதால் அடிப்பது?

கையெல்லாம் செதிலோடு ஓடினேன்.

"எழுந்திரு லோகு! கதை வந்துடுச்சு!"

"நாளைக்கு வரச் சொல்லு. நாளைக்குத்தான் ஒன் பாடு."

"போயிடும்டி!"

"அப்ப நீ கொழம்பக் கிண்டினே சொல்லு. நான் எழுதறேன்."

எவ்வளவு நல்ல மனது என்று கண் கலங்கியது. வெங்காயமும் காரணமாக இருக்கலாம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நான் மறந்த திட்டுகளை அவளே நிரப்பினாள். சாயங்காலத்துக்குள் கதை முடிந்தது. அவளே போனில் படம் பிடித்தாள், அவளே பத்திரிகைக்கு அனுப்பினாள்.

"மறக்காம பேரு போட்டியா?"

"போட்டுட்டேனே."

போனை வாங்கிப் பார்த்தேன். 'லோகநாயகி, பழவேற்காடு.'

நேராகத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். அவளும் நிதானமாகப் பின்னால் வந்தாள்.

"கதை என்னுது தலைவரே!"

"எங்க வுழுந்துச்சு?"

"மேசையில."

"இன்னிக்கு யாரு பாடு?"

"அவளுது. ஆனா பேனா என்னுது!"

"பேனாவ வாங்கிக்க. ஏம்மா, கரை ஆளுக்குக் கொழம்பு குடுத்தியா?"

"ரெண்டு மீனோட ஊத்தினேன் மாமா."

"அப்ப போ நைனா. இனி ஒனக்குப் பேச்சு இல்ல."

அந்தக் குழம்பை வைத்ததும் நான்தான். அதைச் சொன்னால் இன்னும் கேவலம் என்பதால் சொல்லவில்லை.

வியாழன் என் பாடு. அவள் மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. "ஒரே ஒரு திட்டு திட்டேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். விதி என்று சைகையில் காட்டினாள். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று.

தீபாவளிக்கு மலர் வந்தது. முருகனுக்கும் அம்மனுக்கும் நடுவில் இப்போது லோகநாயகி இருக்கிறாள். என் பக்கம் காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது. அவள் அடுத்த கதையை எழுதுகிறாள்.

நேற்று அவள் பாடு. நான் அடுப்படியில் நின்றபோது அவள் போன் அடித்தது. எடுத்தேன். ஆசிரியர்!

"லோகநாயகி அம்மா இருக்காங்களா? பொங்கல் மலருக்கும் அவங்க கதைதான் வேணும்."

"எழுதிக்கிட்டிருக்காங்க சார்."

"அருமை. உங்க ஊர்ல நீலமேகம்னு ஒருத்தர், மலருக்கு நானே கூப்பிட்டுக் கேட்டும் கதை அனுப்பல. இந்தம்மா பாருங்க, கேக்காமலே அனுப்பினாங்க. ஆமா, நீங்க யாரு பேசறது?"

அடுப்பில் குழம்பு கொதித்தது.

"கரை ஆளு சார்" என்றேன்.